வாம்பயர் என்னும் மிதவை விமானம்



ஆசிரியத் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் மாணவர்களுக்கு நான் சொன்ன விடைகள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் ஒரு விடை மட்டும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அது தவறான விடை. தெரியாமல் சொன்ன தவறு என்றால் மன்னிக்கலாம். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்ன தவறு அது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்கே இன்று உங்கள்முன் பேச வந்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு. நண்பகல் வேளை. நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தேன். சன்னலோரத்தில் இருந்த சிறுவன் ஒருவன் வானத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். "என்னடா அங்கே?" என்று கேட்டேன். அவன் எழுந்து நின்று, "ஐயா, அந்தப் பருந்து சிறகை அடிக்கவே இல்லை. ஆனாலும் கீழே வராமல் மேலே மேலே போகிறது. எப்படி ஐயா?" என்றான்.

"அதன் உடல் மிகவும் இலேசானது, அதனால் மிதக்கிறது. நீ பாடத்தைக் கவனி" என்றேன். பையன் உட்காரவில்லை. சற்று யோசித்துவிட்டு, "பருந்தைவிட அதன் இறகு இலேசானதுதானே, ஐயா? அது மட்டும் ஏன் கீழே விழுகிறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. எனக்குக் கோபம் வந்தது. அவனை அதட்டி உட்கார வைத்தேன். அவன் கேட்ட கேள்விக்கு விடை என்னிடம் இல்லை என்பதே என் கோபத்துக்குக் காரணம். அந்த உண்மை அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ, எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அவனுடைய கேள்விக்கு உரிய விடையைப் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலகத்தில் கண்டேன். ஜெர்மனி தேசத்தில் கல்லூரி மாணவர் சிலர் கட்டிய ஒரு விமானத்தின் வரலாற்றில் அது இருந்தது. அவ்விமானத்துக்கு யந்திரம் இல்லை. அதன் பெயர் வாம்பயர். இரவில் எழுந்து வந்து மனிதரின் இரத்தத்தைக் குடிக்கும் பேய் என்பது அச்சொல்லின் பொருள். மாணவர்கள் வைத்த பெயர் அல்லவா! அக்காலத்து மாணவர் விமானங்களுள் ஒன்றுக்குக் 'கரிய பிசாசு' என்று பெயர். மற்றொன்றுக்கு 'நீல எலி' என்று பெயர். பெயர்களில் விளையாட்டு இருந்தது. வேலையில் விளையாட்டு இல்லை.

முதல் உலக மகா யுத்தம் 1918இல் முடிந்தது. மறு ஆண்டு கையெழுத்தான வெர்ஸேல்ஸ் உடன்படிக்கையின்படி ஜெர்மனி விமானப் படை வைத்திருக்கலாகாது. விமானம் கட்டும் தொழிலுக்கும் தடைகள் வந்தன. விமானமும் கற்பனையும் ஒன்றாக வளர்ந்திருந்த இளைஞர்களுக்கு வானத்தின் கதவு சாத்தப்பட்டதுபோல் ஆயிற்று. ஆனால் அக்கதவில் ஒரு சிறு சந்து இருந்தது. யந்திரம் இல்லாத விமானத்தை அந்தத் தடைகள் தொடவில்லை.

யந்திரமில்லா விமானம் அவர்களுக்குப் புதிய பொருளன்று. ஓட்டோ லிலியென்தால் என்ற ஜெர்மானியர் 1891 முதல் ஐந்து ஆண்டுகள் குன்றுகளிலிருந்து சிறகு கட்டிக்கொண்டு குதித்துப் பறந்தவர். 1896இல் அத்தகைய ஒரு முயற்சியிலேயே விழுந்து உயிர் நீத்தார். அவருடைய பரிசோதனைகளைப் படித்துத்தான் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் விமானக் கலையில் இறங்கினார்கள். அவர்களில் இளையவரான ஆர்வில் ரைட், 1911இல் கடற்கரை மணற்குன்றின்மேல் யந்திரமில்லா விமானத்தில் 9 நிமிடம் 45 விநாடி நின்று காட்டினார். பத்து ஆண்டுகள் அதை எவரும் மிஞ்சவில்லை.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் ரோன் என்னும் மலைத்தொடர் உண்டு. அதன் மிக உயர்ந்த சிகரம் வாஸர்குப்பே. உயரம் 950 மீட்டர். புல் மூடிய மொட்டை மலை. பல்டா என்னும் ஆறு அங்கேதான் பிறக்கிறது. மேற்கிலிருந்து வரும் காற்று தடையின்றி அதன் சரிவில் மோதும். மகா யுத்தத்துக்கு முன்பே, 1911 முதல், டார்ம்ஸ்டாட் நகரத்து மாணவர்கள் அங்கே சென்று தாங்களே கட்டிய சறுக்கு விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த மலையில், விமானப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியரான ஆஸ்கார் உர்ஸினுஸ் என்பவர் 1920இல் ஒரு போட்டிக்கு அழைப்பு விடுத்தார். யந்திரமில்லா விமானத்தைக் கொண்டு வாருங்கள். யார் நெடுநேரம் பறக்கிறார்கள், யார் நெடுந்தூரம் செல்கிறார்கள் என்று பார்ப்போம் என்பதே அழைப்பு.

முதல் ஆண்டுப் போட்டி கண்ணீரும் ஏமாற்றமுமாகவே நடந்தது. பழைய மரமும் துணியும் கம்பியும் கொண்டு இளைஞர்கள் கட்டி வந்தவற்றுள் பல, பறக்கவே மறுத்தன. ஓயகன் பான் லெஸ்ஸல் என்ற இளைஞர் விழுந்து இறந்தார். முடிவில் ஆகன் நகரக் கல்லூரியைச் சேர்ந்த வொல்ப்காங் கிளெம்பெரர், நான் முன்பு சொன்ன 'கரிய பிசாசு' விமானத்தில் 2 நிமிடம் 22 விநாடி பறந்து 1,830 மீட்டர் தூரம் சென்றார். அந்த ஆண்டின் பெருமை அவ்வளவே. ஆனால் அந்த இரண்டரை நிமிடம் நாடெங்கும் உள்ள தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களை எழுப்பிவிட்டது.

ஹானோவர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் கியோர்க் மாடெலுங் என்பவர் இருந்தார். யந்திரமில்லா விமானம் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அக்கணக்கை உருவமாக வரைந்து முடித்தவர்கள் வால்ட்டர் புளூமே, பிரீட்ரிக் ஹென்ட்ஸன், ஆர்தர் மார்ட்டென்ஸ் என்னும் மாணவர்கள். அதே ஊரில் இரயில் வண்டிப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று, போர்க்காலத்தில் விமானமும் கட்டிய தொழிற்சாலை, அதைக் கட்டிக் கொடுத்தது. 1921இல் வாம்பயர் உருவாயிற்று.

மாணவர்களே, இந்த இடத்தில் நாம் சற்றுப் பொறுமையாக நிற்க வேண்டும். வாம்பயரின் பெருமை அதன் இறக்கையில் இருக்கிறது.

அதற்கு முந்திய விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள் இருக்கும். அவற்றைப் பிணைக்கக் குறுக்குக் கழிகளும் கம்பிகளும் இருக்கும். காற்றைக் கிழித்துச் செல்லும்போது ஒவ்வொரு கம்பியும் காற்றோடு மல்லுக்கு நிற்கும். யந்திரம் உள்ள விமானம் அந்த இழப்பைப் பெட்ரோல் செலவழித்து ஈடு செய்துகொள்ளும். யந்திரமில்லாதது எதைச் செலவழிக்கும்? தன் உயரத்தைத்தான் செலவழிக்கும். ஏழை வீட்டுச் செட்டுக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வரவு இல்லாத இடத்தில் வீண் செலவு ஒன்றும் ஆகாது.

ஆகவே ஒரே இறக்கை. வெளியே கம்பி ஏதும் இல்லை. அதுவும் நீளமாகவும் குறுகலாகவும் இருக்க வேண்டும். குறுகி நீண்ட இறக்கை காற்றில் குறைவாகவே இழப்புறும் என்பதைக் கோட்டிங்கன் நகரத்துப் பேராசிரியர் லுட்விக் பிராண்டிலும் அவர்தம் மாணாக்கரும் கணிதத்தால் நிறுவியிருந்தார்கள். வாம்பயரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை 12.6 மீட்டர் நீளம். அதன் பரப்பு 16 சதுர மீட்டர். சராசரி அகலத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு நீளம் என்று கொள்ளலாம்.

இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. இறக்கை நீளமானால் வளையும். வளைவதோடு முறுக்கவும் செய்யும். கம்பி கட்டினால் இழப்பு, கட்டாவிட்டால் ஆபத்து. அடுத்தடுத்து வந்த போட்டிகளில் உயிர்ப்பலி கொண்டது இந்தச் சங்கடமே. 1921ஆம் ஆண்டுப் போட்டியிலும் வாலில்லா விமானம் ஒன்று நடுவானில் உடைந்து, அதை ஓட்டியவர் மாண்டார்.

ஹானோவர் மாணவர்கள் இதற்குக் கண்ட வழியை நீங்கள் உங்கள் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அஞ்சலட்டையை எடுத்து இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதில் முறுக்கிக்கொள்ளும். அதே அட்டையைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தை நன்றாக ஒட்டிவிட்டு, மறுபடி முறுக்கிப் பாருங்கள். இணங்காது. பொருள் அதுவே; எடையும் அதுவே; உருவம் மாறியவுடன் உறுதி வந்துவிட்டது. வாம்பயரின் இறக்கை நெடுக ஒரே ஓர் உத்தரம் ஓடியது. அந்த உத்தரத்திலிருந்து இறக்கையின் முன்விளிம்பு வரையில் மெல்லிய ஒட்டுப்பலகையை மேலும் கீழும் வளைத்துப் பொருத்தினார்கள். அது மூடிய குழாய் ஆயிற்று. வளைவை உத்தரம் தாங்கியது. முறுக்கைக் குழாய் தாங்கியது. பின்பக்கம் முழுவதும் வெறும் துணியால் மூடினார்கள். விமானம் முழுவதும் சேர்ந்து ஏறக்குறைய 120 கிலோ எடைதான். ஓட்டுபவரின் தலை மட்டும் வெளியே தெரியும்.

தரையில் இறங்குவதற்குச் சக்கரம் வேண்டுமே! சக்கரத்துக்குப் பதிலாக மூன்று கால்பந்துகளை அடியில் பாதி வெளியே தெரியும்படி பொருத்தினார்கள். பந்து இலேசானது, எந்தப் பக்கமும் உருளும், மேடு பள்ளத்தின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விளையாட்டு மைதானத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இவ்வளவு நெருங்கிய உறவு வேறெங்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இனி, அது பறந்த கதை. விமானத்தின் மூக்கில் ஒரு நீண்ட ரப்பர்க் கயிற்றை மாட்டுவார்கள். கயிற்றின் இரு தலைப்புகளையும் இரண்டு கூட்டமாக இளைஞர்கள் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடுவார்கள். வாலைச் சிலர் இறுகப் பிடித்திருப்பார்கள். கயிறு முற்றிலும் இழுபட்டதும் வாலை விட்டுவிடுவார்கள். கவண்கல் கிளம்புவதுபோல் விமானம் கிளம்பும்.

1921இல் கிளெம்பெரர் தமது 'நீல எலி'யில் 13 நிமிடம் பறந்து ஆர்வில் ரைட்டின் பழைய சாதனையை முறித்தார். சில நாட்களில் மார்ட்டென்ஸ் வாம்பயரில் 15 நிமிடத்துக்கு மேல் பறந்தார். அடுத்துச் சில நாட்களுக்குள் பிரீட்ரிக் ஹார்த் என்பவர் 21 நிமிடம் பறந்தார். இறங்கும்போது விழுந்து பலத்த காயமுற்றார். நிமிடங்களை எண்ணிய காலம் அது.

1922ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம், 18ஆம் நாள். வாஸர்குப்பேயின் மேற்குச் சரிவில் நல்ல காற்று. மார்ட்டென்ஸ் வாம்பயரில் ஏறினார். விமானம் கிளம்பிச் சரிவை ஒட்டி இடமும் வலமுமாக உலவத் தொடங்கியது. கீழே நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று, அது இறங்கவில்லை. ஒரு மணி நேரம் கடந்தது. யந்திரமில்லா விமானத்தில் மனிதன் ஒரு மணி நேரம் வானில் இருந்தது அதுவே முதன்முறை. மறுநாளே ஹென்ட்ஸன் அதே விமானத்தில் இரண்டு மணி நேரம் பறந்தார். 24ஆம் நாள் அவரே மூன்று மணி நேரத்துக்கு மேல் வானில் இருந்தார். புறப்பட்ட இடத்துக்கு மேலே சில நூறு மீட்டர் உயரம் ஏறியும் விட்டார்.

ஏறினார் என்றேன். யந்திரம் இல்லை, சிறகடிக்கவும் இல்லை, பின் எப்படி ஏறினார்? என் பழைய மாணவனின் கேள்வி இதுவேதான்.

விடையைக் கிணற்றடியில் காணலாம். கிணற்றிலிருந்து நீர் இறைக்கிறோம். மேலே வந்து கொண்டிருக்கும் வாளியின் உட்புறத்தில் ஓர் எறும்பு கீழ்நோக்கி ஊர்ந்து கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாளியைப் பொறுத்தமட்டில் எறும்பு இறங்குகிறது. கிணற்றைப் பொறுத்தமட்டில் ஏறுகிறது. ஏனெனில் எறும்பு இறங்கும் வேகத்தைவிட வாளி ஏறும் வேகம் அதிகம். வாம்பயர் எந்நேரமும் இறங்கிக் கொண்டேதான் இருந்தது. விநாடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக இறங்கியது. ஆனால் மலைச்சரிவில் மோதிய காற்று, பாறையில் மோதிய ஆற்று நீர் மேலெழுவதுபோல் மேல்நோக்கித் திரும்பி, அதைவிட விரைந்து ஏறிக் கொண்டிருந்தது. ஆகவே விமானமும் ஏறிற்று. பருந்தும் இதைத்தான் செய்கிறது. பருந்துக்கு மலையும் தேவையில்லை. வெயிலில் சுட்ட தரையிலிருந்து வெப்பக் காற்று தூண்போல எழும். அந்தத் தூணுக்குள்ளேயே அது வட்டமிடுகிறது. வட்டமிடுவது அழகுக்காக அன்று. தூணை விட்டு வெளியேறாதிருப்பதற்காக. உதிர்ந்த இறகும் அதே காற்றில்தான் விழுகிறது. ஆயினும் அது சுழன்று தடுமாறிக் காற்றுப் போன பக்கம் போய்விடும். ஏறும் காற்றைத் தேடிப் பிடித்து அதில் நிலைத்து நிற்க அதற்குத் தெரியாது. ஆகவே பருந்து ஏறுவது அதன் உடலின் இலேசால் அன்று. காற்றை அறிந்த அறிவால்.

அதுவரையில் மனிதன் காற்றில் சறுக்கினான். வாம்பயரில்தான் நெடுநேரம் மிதக்கக் கற்றான். அதனால்தான் இவ்வகை விமானத்தைச் சறுக்கு விமானம் என்று சொல்லாமல் மிதவை விமானம் என்று சொல்கிறேன்.

மூன்று மணி நேரச் சாதனை நெடுநாள் நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை ஆயிரம் பவுன் பரிசு வைத்து நடத்திய போட்டியில், மானெயிரோல் என்ற பிரெஞ்சுக்காரர் 3 மணி 21 நிமிடம் பறந்து அதை வென்றார். அவருடைய விமானம் வேறு வகை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கை கொண்டது. சாதனை அவருக்குப் போயிற்று. ஆனால் அடுத்த தலைமுறை விமானங்களைக் கட்டியவர்கள் பின்பற்றியது வாம்பயரின் ஒற்றை உத்தரத்தையும் ஒட்டுப்பலகைக் குழாயையுமே. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள், மிதவை விமானம் என்றால் பெரும்பாலும் அவ்வகை இறக்கைதான். முதல் பரிசு கைமாறும். நல்ல வழி நிலைத்து நிற்கும்.

இக்கதையில் இருண்ட பக்கமும் ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டால் நான் மறுபடியும் தவறான விடை சொன்னவன் ஆவேன். 1933க்குப் பின் ஜெர்மனியை ஆண்ட ஹிட்லர் அரசு, மிதவை விமானச் சங்கங்களைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. புல்வெளியில் கயிறு இழுத்த விளையாட்டு, போர் விமானிகளை உருவாக்கும் பள்ளியாயிற்று. 1940 மே மாதத்தில் பெல்ஜியத்தின் எபன் எமேல் கோட்டைமேல் படைவீரர்கள் ஓசையின்றி வந்து இறங்கியது யந்திரமில்லா விமானங்களில்தான். வாம்பயரை வரைந்த மாணவருள் ஒருவரான வால்ட்டர் புளூமே பிற்காலத்தில் ஜெட் குண்டுவீச்சு விமானத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். அறிவு காற்றைப் போன்றது. யார் பாய் விரித்தாலும் அவர் படகைத் தள்ளும். எந்தத் துறைக்குப் போகிறோம் என்பதைப் படகோட்டிதான் முடிவு செய்ய வேண்டும்.

யுத்தத்துக்குப் பின் மறுபடியும் மாணவர் உலகத்திலிருந்தே அடுத்த மாறுதல் வந்தது. ஸ்டுட்கார்ட் நகரக் கல்லூரியில் பயின்ற ஹெர்மன் நேகலேயும் ரிச்சர்ட் எப்ளரும், மரத்தின் இடத்தில் கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு 'பீனிக்ஸ்' என்ற மிதவை விமானத்தை உருவாக்கினார்கள். அது 1957 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. வாம்பயர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் முன்னோக்கிப் பதினாறு மீட்டர் செல்லும். பீனிக்ஸ் நாற்பது மீட்டர் அளவுக்குச் செல்லும். இன்றைய பெரிய போட்டி விமானங்கள் அறுபதையும் தாண்டிவிட்டன. 2003இல் அர்ஜென்டினாவில் ஆண்டிஸ் மலைக் காற்றைப் பிடித்துக்கொண்டு கிளௌஸ் ஓல்மன் என்பவர் 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்தார். அதே நாட்டில் 2018இல் வேறொரு மிதவை விமானம் 22,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தை எட்டிற்று. வாஸர்குப்பேயில் இன்றும் இளைஞர்கள் பறக்கப் பழகுகிறார்கள். வாம்பயர் விமானமோ மியூனிக் நகரத்து ஜெர்மானியப் பொருட்காட்சிச் சாலையின் உடைமையாகக் காக்கப்பட்டு வருகிறது.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. யந்திரம் கிடைக்கவில்லை என்று அந்த இளைஞர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால், யந்திரம் இருந்தபோது எவரும் காணாததை அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இல்லாத பொருள்கள் பல. ஆய்வுக்கூடம் இல்லை, கருவி இல்லை என்று குறை சொல்வது நியாயமே. கேட்டுப் பெறவும் வேண்டும். ஆனால் அது வரும்வரையில் அஞ்சலட்டை இருக்கிறது, கால்பந்து இருக்கிறது, வானத்தில் பருந்து இருக்கிறது.

மற்றொன்று என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கு உரியது. "எனக்குத் தெரியாது, தேடிப் பார்ப்போம்" என்ற விடையைச் சொல்ல அரை விநாடி போதும். அதைச் சொல்லாமல் விட்டதனால் நான் பல ஆண்டுகள் சுமந்தேன். என்னிடம் கேட்ட அந்தச் சிறுவனுக்கு இன்று ஐம்பது வயதை நெருங்கியிருக்கும். எங்கேனும் ஒரு வீட்டில் இருந்து அவன் இதைக் கேட்டுக் கொண்டிருந்தால், அவனுக்குச் சொல்லுகிறேன்: தம்பி, உன் கேள்வி சரியானது. என் விடைதான் தவறு. பருந்து இலேசானதால் மிதக்கவில்லை. ஏறுகின்ற காற்றைத் தேடி அறிந்து, அதற்குள் நின்று மிதக்கிறது.